வாயைக் கட்டிக்கொண்டு வண்டி பழக்கியது

நான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் போன மாதம் சிமுலேட்டர் வாங்கினார்கள். வண்டி கிடையாது, ரோடு கிடையாது. ஒரு சீட்டு, ஒரு ஸ்டீயரிங், முன்னால் பெரிய டி.வி. ரிட்டயர் ஆன மாஸ்டர் என்று மரியாதை வைத்து என்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது மாஸ்டர் ஒருவர் ஓட்டிக் காட்ட, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மாஸ்டர் பக்கத்து பிரேக் அங்கே இருப்பதுபோல நான் தரையை ஓங்கி மிதித்தேன். மிதித்த இடத்தில் இன்னொரு புது மாஸ்டரின் கால் விரல்கள் இருந்தன.

பாவம், அந்தப் பையன் கத்தவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க மாஸ்டர், இந்தப் பழக்கமெல்லாம் எப்பத்தானுங்க போகும்?" என்று கேட்டார்.

"போகாதுங்க" என்றேன்.

"அப்ப எங்களுக்கும் இப்படித்தானுங்களா? இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று எழுதச் சொன்னால் எனக்கு எழுத வராது. ஒருவர் தனக்கே தெரியாமல் எதையெல்லாம் கற்றுவைத்திருக்கிறார் என்பதைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்ல முடியும். அதிலும் மாஸ்டர் கற்றுவைத்திருப்பதைப் பற்றி.

நான் நாமகிரிப்பேட்டைக்காரன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, வடக்கே போய்வந்து, முழங்கால் தேய்ந்து, பெண் எடுத்த ஊரான பள்ளிபாளையத்தில் வந்து இறங்கினேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. லாரிக் கதையை எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி பெயர் கந்தப்பன். அவரும் பழைய லாரிக்காரர்தான். நான் சேரும்போதே அறுபதைத் தாண்டியிருந்தார். தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் வறுத்த நிலக்கடலை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கடலையை வேகமாக உரிப்பார், அவ்வளவுதான். தரையில் கிடக்கும் தோலைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை பேர் வண்டியை எங்கே இடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

புதிதாக ஒருவர் கற்றுக்கொள்ள வந்தால் கந்தப்பனுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் நாள் வண்டியில் ஏற்ற மாட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "அத இழுத்துப் போட்டு உக்காருங்க" என்பார். அப்புறம் ஆபீஸ் கதவைப் பூட்டித் திறக்கச் சொல்வார். அப்புறம் எதிரே டீக்கடை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வரச் சொல்வார். வந்தவர்கள் இது என்ன பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று முழிப்பார்கள். கந்தப்பன் கடலையைக் கொறித்துக்கொண்டு கையையும் காலையும் பார்ப்பார். பிறகு ஒரு நோட்டில் எழுதுவார். பெயரை எழுத மாட்டார். தொழிலைத்தான் எழுதுவார். டெய்லர், போர்வெல் ரிக் வண்டி, சர்க்கரை ஆலை, புரோட்டா மாஸ்டர்.

"பேரு வேண்டாமுங்களா?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பேரு ஆதார்ல இருக்குது. அந்தக் கை இத்தன வருசம் என்ன வேல பாத்துச்சுன்னு எதுலயும் இல்லியேப்பா. சுப்பு, காலியா இங்க எவனும் வாரதில்ல. கையும் காலும் ஏற்கெனவே ஒரு வேலைல இருக்குது. அதுங்கள ஒரு வார்த்த கேக்காம நீயா புது வேல குடுத்தா அதுங்க செய்யாது."

நான் அப்போது இதை வயசானவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அந்த நோட்டைப் பார்த்தே வண்டியில் ஏறினால் பாதி வேலை மிச்சம் என்று புரிய எனக்கு ஒரு கோழிப்பண்ணை மேனேஜர் வரவேண்டியிருந்தது.

அவர் சேந்தமங்கலம் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் இருபது வருஷமாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிபாளையத்தில் மாமனார் வீட்டுக்கு வருவார், வந்த கையோடு வண்டி பழகிவிட்டுப் போவார். தங்கமான மனுஷர். கிளட்ச் பதவிசாக விடுவார், கியர் வெண்ணெய் மாதிரி விழும். ஒரே ஒரு சிக்கல், ஹாரன் அடிக்க மாட்டார். முன்னால் மாட்டு வண்டி போனாலும் சரி, செம்மறி ஆட்டு மந்தையே நின்றாலும் சரி, பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு முறை இருமுவார். "க்க்ஹும், க்க்ஹும்." அப்புறம் காத்திருப்பார்.

நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தொண்டையில் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மிட்டாய் கூட வாங்கிக் கொடுத்தேன். நாலாவது ஞாயிறு ஒரு நெல் அறுவடை மெஷின் ரோட்டை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் நின்று அவர் இருமினார். அறுவடை மெஷின் போடுகிற சத்தத்தில் அவர் இருமியது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

"அடிங்க சார் ஹாரன!" என்றேன்.

"அடிச்சா பயந்துக்குமுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எது பயந்துக்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

கந்தப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டி, 'கோழிப்பண்ணை' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பண்ணைக்குள் திடீரென்று சத்தம் போட்டால் கோழிகள் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று விழும். அன்றைக்கு முட்டை குறையும். அதனால் ஷெட்டுக்குள் போகிறவர்கள் வாசலில் நின்று லேசாக இருமிவிட்டு, கோழிகளுக்குத் தங்கள் வரவைத் தெரியப்படுத்திவிட்டுத்தான் போவார்கள். இருபது வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை ஷெட்டு. தன் தொண்டைதான் அதைச் செய்கிறது என்பதே அந்த மனுஷருக்குத் தெரியாது.

"இருமறத நிறுத்தச் சொல்லாத" என்றார் கந்தப்பன். "நிக்காது. இருமட்டும். இருமி முடிச்ச கையோட ஹாரன்ல கைய வெக்கச் சொல்லு."

அப்படியே பழக்கினேன். இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. லைசென்ஸும் வாங்கிவிட்டார். இன்றைக்கும் நாமக்கல் பக்கம் எங்காவது வெள்ளைக் காரில் ஒருவர் இருமிவிட்டு ஹாரன் அடித்தால், அவர் என்னிடம் படித்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் சில்லறைக் கேஸ்கள். என்னை ஆட்டிவைத்த கேஸ் பாவாயி.

பாவாயிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினாறு வயதில் விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர், முப்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். அதுவும் தானாக வரவில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுத்து, இனிமேல் பட்டறைக்குள் கால் வைத்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை. மகள் சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம். பட்டறை முதலாளி நல்ல மனுஷர். நூல் மூட்டையும் துணி பேலும் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்வர அவரிடம் ஒரு சின்ன வேன் இருந்தது. அதன் டிரைவர் ஆடி முடிந்ததும் நின்றுகொள்வதாகச் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள லைசென்ஸு எடுத்தீன்னா அந்த வேல உனக்கு. இல்லீன்னா வேற ஆளுதான் போடோணும், நானும் என்ன பண்ண?" என்று பாவாயியிடம் சொல்லிவிட்டார். வேறு எந்த வேலையும் பாவாயிக்குத் தெரியாது. ஆடி முடிய மூன்று மாதம் இருந்தது.

கந்தப்பன் நாற்காலி, கதவு, டீக்கடை எல்லாம் முடித்து நோட்டில் 'தறி' என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு கடலையை ரொம்ப மெதுவாக உரித்தார். நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் "கிளட்ச்ச மிதிங்க" என்றேன். பாவாயி ரோட்டை விட்டுவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பி, என் வாயைப் பார்த்தார். வண்டி புளியமரத்தைப் பார்த்துப் போனது. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். "முன்னாடி பாருங்கம்மா!" என்றேன். மறுபடியும் என் வாயைப் பார்த்தார். நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு அக்கறையாகத் திரும்பிப் பார்த்தார்.

காது மந்தம் என்று சொல்ல முடியாது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்குவார். ஆனால் தறி ஓடுகிற இடத்தில் நாலு பேர் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எவ்வளவு கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அங்கே பேச்சு உதட்டில்தான். இந்தத் தறியில் நிற்பவர் வாயசைப்பதை நாலு தறி தள்ளி நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். முப்பது வருஷத்தில் பாவாயி பேச்சைக் காதால் வாங்குவதையே விட்டுவிட்டார். கண்ணால்தான் வாங்குவார்.

இரண்டாவது சிக்கல் ஹேண்ட் பிரேக். தறியில் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நின்ற உடனே கை போய் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வண்டியை ஆஃப் செய்துகொண்டேதான் இருப்பார்கள். பாவாயியும் செய்தார். இன்ஜின் நின்ற அந்த விநாடியே அவர் இடது கை பறந்துபோய் ஹேண்ட் பிரேக்கை 'கிரீச்' என்று மேலே இழுக்கும். இழுத்தது அவருக்குத் தெரியாது. அப்புறம் சாவி போட்டு, கியர் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, நகராத வண்டியை உற்று உற்றுப் பார்ப்பார்.

"ஹேண்ட் பிரேக்க யாரு இழுத்தது?" என்பேன்.

"நானில்லீங்க மாஸ்டர். சத்தியமாங்க."

பொய் சொல்லவில்லை. நான் அந்தக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். அப்புறம் முள்ளு முள்ளாக ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டினேன். கை அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

முதல் டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து "லெஃப்டுல திருப்பு" என்றார். பாவாயி மரியாதையாக அவர் பக்கம் திரும்பி அவர் வாயைப் பார்த்தார். வரிசையாக நட்டு வைத்திருந்த குச்சிகளில் மூன்று படுத்துவிட்டன.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. பேசினால்தானே திரும்புகிறார்? பேசாமல் கற்றுக்கொடுத்தால்? மறுநாளிலிருந்து வண்டியில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டேன். கிளம்புமுன் வெளியே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உள்ளே ஒரு வார்த்தை கிடையாது. முதல் வாரம் தடுமாறினார். இரண்டாவது வாரம் அதிசயம் நடந்தது. வண்டி ஓட ஆரம்பித்தது. கண் ரோட்டில்தான் இருக்கும், அவ்வப்போது உள்ளே இருக்கிற கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பார், டிரைவர் பார்க்க வேண்டியதுதானே? கியர் மாறும் இடத்தில் மாறும், திரும்பும் இடத்தில் திரும்பும். ஈரோட்டுப் பாலத்தை நெரிசலான நேரத்தில் தாண்டிக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. 'மௌனமாகக் கற்பித்தல்' என்று மனசுக்குள் பேர்கூட வைத்துவிட்டேன். கந்தப்பனிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது டெஸ்ட். பாவாயி வண்டியில் ஏறினார். இன்ஸ்பெக்டர் ஏறினார். வண்டி நகரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, "ஏனுங்க, இந்தம்மாவுக்கு வண்டி எங்க இருக்குதுன்னாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

பாவாயி அழுதுகொண்டே வந்தார். "அவரு என்னமோ சொல்லீட்டே இருந்தாருங்க மாஸ்டர். ஒரு வார்த்த புரியலீங்க."

"அவரு வாயே தொறக்கலியேம்மா."

"சொன்னாருங்க. உதடு ஆடீட்டே இருந்துச்சுங்க."

இன்ஸ்பெக்டர் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. கந்தப்பனுக்கு விளங்கிவிட்டது. கடலையைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு நானும் பின்னால உக்காந்து வாரேன்" என்றார்.

மறுநாள் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். பாவாயி பிரமாதமாக ஓட்டினார். வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். நான் பெருமையாகப் பின்னால் திரும்பினேன். கந்தப்பன் கண்ணில் தண்ணீர் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் இருக்கத் துண்டை வாயில் அடைத்திருந்தார். அந்தத் துண்டை எடுத்து உதறி, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் வாயைச் சுற்றி இறுக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"இப்ப ஓட்டு அம்மிணி" என்றார்.

பாவாயி கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். கை காலெல்லாம் அப்படியே இருந்தது. "மாஸ்டர் வாயக் கட்டீட்டீங்களேங்க, எப்புடீங்க ஓட்டறது?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

விஷயம் இதுதான். வண்டியில் நான் வாயைத் திறக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் என் உதடு ஒரு விநாடி கூடச் சும்மா இருக்கவில்லை. கிளட்ச், கியர், விடு, மெதுவா, திருப்பு என்று ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. உள்கண்ணாடியில் என் மூஞ்சி தெரியும்படி அவர் கை எப்போதோ அதைத் திருப்பி வைத்திருக்கிறது. பாவாயி அதைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். சொல்லிக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. என் மௌனத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

"மாஸ்டரு என்னென்ன சொல்லுவாருன்னு சொல்லு சாமி" என்றார் கந்தப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாவாயி கையைக் கட்டிக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "கிளட்ச்ச மிதி. பஸ்ட்டு போடு. மெதுவா உடு, மெதுவா, மெதுவா. எருமை. பிரேக்கு. செகண்டு. உருப்பட்ட மாதிரிதான்."

நான் பதினேழு வருஷத்தில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். துண்டு வாயில் இருந்தது நல்லதாகப் போயிற்று. மறுத்துப் பேச வழியில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "என் உதடு ஆடுமா?"

"இப்பத்தான் தெரியுமாக்கும்? நான் தோச வாக்கறப்பப் பக்கத்துல நின்னுட்டு 'திருப்பு, திருப்பு'ங்கும் உங்க வாயி. கல்யாணமான நாள்ல இருந்து நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"ஒரு தடவ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, அப்பறம் வாயத் தொறந்து சொல்லுவீங்க."

ஆடி முடியப் பதினெட்டு நாள் இருந்தது. கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட் தேதி. அது தவறினால் அடுத்த தேதிக்குள் வேனுக்கு வேறு ஆள் வந்துவிடும். பாவாயிக்கு அது தெரியும். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "எம்புள்ள படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசமிருக்குதுங்க மாஸ்டர்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பு என் உதட்டினால் கெட்டுப்போயிற்று என்றால் எப்படி இறங்கும்?

கந்தப்பன் என்னைப் பாவாயி வேலை பார்த்த பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசல் வரைக்கும் பாவாயியும் வந்தார். உள்ளே போகக் கூடாது என்பதால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே அவரோடு வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கு ஆறு தறி, எட்டுத் தறி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தறியையும் யாரும் உற்றுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எங்கேயோ ஒன்று நிற்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் போய் இழையை முடிந்து கைப்பிடியை இழுப்பாள். அத்தனை சத்தத்தில் ஒன்று மட்டும் நின்றது எப்படித் தெரிகிறது? வெளியே வந்து பாவாயியிடம் கேட்டேன்.

"தெரியலீங்களே. கை போயிருமுங்க."

கந்தப்பன் என்னிடம், "எல்லாரு காலயும் பாத்தியா?" என்றார்.

அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கும் புத்தி வந்தது. தறி ஓடுவது தரையில் அதிரும். அவர்கள் அதைக் காலில் வாங்குகிறார்கள். வாய்ப் பேச்சு மனுஷர்களுக்குத்தான். தறிக்கும் அவர்களுக்கும் பேச்சே கிடையாது. நான் வண்டியைப் பற்றி வாயால் சொல்லிச் சொல்லி, வண்டியை ஒரு மனுஷனாக ஆக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து முறை மாறியது. பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். புதுக் காரை ஓரங்கட்டிவிட்டு, எங்களிடம் கிடந்த பழைய டீசல் வண்டியை எடுத்தோம். அது நின்ற இடத்திலேயே நாலு தறிக்குச் சமமாக ஆடும். நான் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். திருச்செங்கோடு ரோட்டில் பத்து நாள் அப்படிப் போனோம். எதிரே வந்த பஸ் டிரைவர்களெல்லாம் எனக்குப் பல்வலி என்று நினைத்து விசாரித்தார்கள். பாவாயிக்கு முதல் மூன்று நாள் நரகம். நாலாவது நாள், இன்ஜின் இழுக்கத் திணறும் இடத்தில் அவர் கை தானாகப் போய்க் கியரைக் குறைத்தது. குறைத்தது அவருக்குத் தெரியவில்லை. நான் துண்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். கடைசி நாலு நாள் புதுக் காருக்கு மாறினோம். அந்த மெல்லிய அதிர்வையும் கால் பிடித்துக்கொண்டது.

ஹேண்ட் பிரேக் மட்டும் அப்படியேதான் இருந்தது. இன்ஜின் நின்றால் 'கிரீச்'.

"இத என்ன பண்றதுங்க?" என்றேன்.

"உட்டுரு" என்றார் கந்தப்பன். "இழுத்தா எறக்கோணும்னு மட்டும் பழக்கு. கோழிக்காரனுக்குப் பண்ணுனியல்ல?"

வலது கை சாவியைத் திருப்பி, கால் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்ததும், இழுத்த இடது கையே மறுபடி போய் இறக்க வேண்டும். இழு, சாவி, பிடி, இறக்கு. நூறு தடவையாவது செய்திருப்போம்.

மூன்றாவது டெஸ்ட் நாள். பாவாயி வேப்பமரத்தடியில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, மைதானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கந்தப்பன் என் தோளைப் பிடித்துத் திருப்பி, காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்.

"ஏனுங்க?"

"உன்ற வாய நான் நம்பறதில்ல. முடியறவரைக்கும் நீ திரும்பவே கூடாது."

ஆக, என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பயந்து நின்ற டெஸ்டை நான் பார்க்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தது சுவர். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்தது. அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முதல் கியர். வளைவு. குச்சி விழும் சத்தம் இல்லை. ரிவர்ஸ். நிறுத்தி மறுபடி ரிவர்ஸ். என் உதடு ஆடிக்கொண்டிருந்தது, இப்போது எனக்கே தெரிந்தது. ஆடட்டும், சுவருக்குத்தானே?

அப்புறம் ஏற்றம். மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். எங்களிடம் பழகியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் கவிழ்வார்கள். வண்டி ஏறுவது கேட்டது. நின்றது கேட்டது. எடுக்கப் பார்ப்பது கேட்டது. ஒரு குலுக்கல்.

இன்ஜின் நின்றுவிட்டது.

மைதானமே அமைதியாகிவிட்டது. இனி வண்டி பின்னால் உருளும். உருண்டால் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

'கிரீச்.'

முப்பது வருஷத்துக் கை. அது யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் கந்தப்பன் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. இன்ஜின் பிடித்தது. கொஞ்சம் உறுமி, மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

கார் வந்து நின்றது. கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் கிளார்க்கிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "இன்ஜின் ஆஃப் ஆச்சு. ஆனா ஒரு விரக்கட கூடப் பின்னால வரல. ஹேண்ட் பிரேக் போட்டு மொறையா எடுத்திருக்குது. பாஸ் போட்டுக்கங்க. அடுத்த ஆளு!"

அவர் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பாவாயிக்கு அவர் உச்சந்தலைதான் தெரிந்திருக்கிறது. வெறுங்காலோடு ஓடி வருவது கேட்டது. என் தோளில் கை விழுந்து என்னைத் திருப்பியது. மூச்சு இரைத்தது. முகம் முழுக்க வேர்வை. கண் என் வாயில் இருந்தது.

"என்னங்க மாஸ்டர் சொன்னாரு? ஆஃப் ஆயிருச்சுங்க மாஸ்டர், நடுவுல ஆஃப் ஆயிருச்சுங்க. போச்சுங்களா? சொல்லுங்க."

பாஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினேழு வருஷம் வாய் ஓயாத ஆளுக்குக் குரல் வரவில்லை. வாய் கோணிக்கொண்டு போனது. உதட்டால் மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

பாவாயி இன்னும் கிட்டே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"அழுவாதீங்க மாஸ்டர்" என்றார். "உதடு கோணுது, ஒண்ணும் புரியலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."